கிமோனோ வாங்குவதும் பராமரிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் கிமோனோவாக எதை வாங்கலாம்?

ஜப்பானின் மரபு உடையான கிமோனோவை எங்கே உடுத்தப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கோடைத் திருவிழாவுக்கோ வாணவேடிக்கை பார்க்கவோ என்றால் மெல்லிய கோடைக் கிமோனோவான பருத்தி யுகாத்தா போதும். உள்ளே அடுக்கடுக்காக உடுத்த வேண்டியதில்லை, வீட்டிலேயே துவைக்கலாம், அதன் மேல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் பட்டையான ஓபியும் பாதி அகலம்தான் என்பதால் பழகுவது எளிது. நண்பர்களோடு வெளியே போக, கோயில் பார்க்க, ஊர் சுற்ற என்றால் கோமொன் வாங்குங்கள். உடல் முழுக்க ஒரே சிறு வடிவம் திரும்பத் திரும்ப வரும் கிமோனோ அது. பழைய துணிக் கடைகளில் நிறையக் கிடைக்கும். கல்யாண அழைப்பு வந்திருக்கிறது, அடுத்த மாதமே உடுத்த வேண்டும் என்றால் வாங்காதீர்கள். வாடகைக்கு எடுங்கள். உடுத்திவிடவும் அங்கேயே ஆள் இருப்பார்கள்.

சுற்றுலாத் தலங்களில் பளபளவென்று டிராகன் போட்டு விற்கிறார்களே, அது கிமோனோதானா?

இல்லை. அது வீட்டில் மேலே போட்டுக்கொள்ளும் கவுன். பரிசாகக் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அதன் மேல் ஓபி கட்டிப் பார்க்க வேண்டாம், நிற்காது.

உண்மையான கிமோனோவை முதுகைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். பெரியவர்களுக்கான கிமோனோ என்றால் கழுத்திலிருந்து கால்வரை முதுகின் நடுவே ஒரு தையல் ஓடும். துணியின் அகலமே 36 முதல் 38 செ.மீ.தான் என்பதால் முதுகுக்கு இரண்டு துண்டு சேர்த்தே ஆக வேண்டும். இடுப்பில் பெல்ட் நுழைக்க வளையம் இருக்காது. பட்டுக் கிமோனோ பெரும்பாலும் கையால் தைத்ததாக இருக்கும்.

அது எப்படித் தைக்கப்படுகிறது என்பது வாங்குகிறவருக்கு ஏன் தெரிய வேண்டும்?

இது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகவே புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு கிமோனோவுக்கான துணி ஒரே சுருளாக வரும். தன்மோனோ என்பார்கள். ஏறக்குறைய 12 அல்லது 13 மீட்டர் நீளம். அதை நேர்க்கோட்டில் மட்டுமே வெட்டி, உடலுக்கு இரண்டு, கைக்கு இரண்டு, முன்பக்கம் மேலே படிய இரண்டு, கழுத்துப்பட்டைக்கு ஒன்று, அதன் மேலே போர்த்த இன்னொன்று என எட்டுத் துண்டாக்குவார்கள். தோள் வளைவு, அக்குள் வளைவு என்று எதையும் வெட்டி எறிவதில்லை. அளவு சின்னதாக வேண்டுமென்றால் அதிகத் துணியை வெட்டாமல் தையலுக்குள் மடித்து விட்டுவிடுவார்கள்.

இதனால் ஒரு பெரிய வசதி. தையலைப் பிரித்தால் எட்டுத் துண்டும் பழையபடி நீளச் செவ்வகங்களாகக் கைக்கு வந்துவிடும். அவற்றை வரிசையாக இணைத்துத் தைத்தால் மறுபடி ஒரே சுருள். அந்த நிலையில் துவைத்து, கஞ்சி போட்டு, பலகையில் ஒட்டியோ இரு முனையிலும் ஊசி வைத்த மெல்லிய மூங்கில் குச்சிகளால் விறைப்பாக இழுத்துப் பிடித்தோ காயவைப்பார்கள். இதற்கு அராய்-ஹாரி என்று பெயர். காய்ந்த துணியை வேறு ஒருவரின் அளவுக்குத் தைக்கலாம். வேறு நிறத்தில் சாயம் தோய்க்கலாம். ஓரம் தேய்ந்திருந்தால் அந்த ஓரம் தையலுக்குள் போகும்படி திருப்பிப் போடலாம். பாட்டியின் கிமோனோ பேத்திக்கு வருவது இப்படித்தான்.

ஆகவே கடையில் ஒரு கிமோனோவைக் கையில் எடுக்கும்போது, தைத்த உடையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், உள்ளே எவ்வளவு துணி மடித்து விட்டிருக்கிறார்கள், நூல் இன்னும் பலமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். துணி நன்றாக இருந்தால் அழுக்கு, அளவுக் குறை, பழைய தையல் எல்லாம் சரிசெய்யக்கூடியவை. நூலே இற்றுப்போயிருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எத்தனையோ வகை சொல்கிறார்கள். எதை எங்கே உடுத்துவது?

முழுப் பட்டியல் நீளம். தடுமாற்றம் வரக்கூடிய இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கறுப்புப் பட்டு, கீழ்ப்பகுதியில் மட்டும் சித்திர வேலை, முதுகிலும் கைகளிலும் மார்பிலுமாக ஐந்து குடும்பச் சின்னங்கள் இருந்தால் அது குரோதோமேசோதே. கல்யாணத்தில் மணமக்களின் தாயார், மணமான நெருங்கிய உறவுப் பெண்கள் உடுத்துவது. நண்பரின் கல்யாணத்துக்கு அதை உடுத்திப் போனால் சங்கடம். கறுப்புப் பட்டில் சித்திரமே இல்லாமல் ஐந்து சின்னம் மட்டும் இருந்தால் அது துக்க உடை. பழைய துணிக் கடையில் மிக நல்ல பட்டு மிகக் குறைந்த விலைக்குக் கறுப்பாகத் தொங்கினால் அநேகமாக இதுதான். தெரியாமல் வாங்கிப் பார்ட்டிக்கு உடுத்திவிட வேண்டாம்.

ஃபுரிசோதே என்பது கை நீளமாகத் தொங்கும் கிமோனோ. சாதாரணக் கிமோனோவின் கை 49 செ.மீ. அளவில் தொங்கும், இதில் ஒரு மீட்டரைத் தாண்டும். மணமாகாத இளம்பெண்களுக்கானது. ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமையன்று நடக்கும் வயதுவந்தோர் நாள் விழாவில் ஊரெல்லாம் இதைப் பார்க்கலாம்.

விருந்துக்கும் கல்யாணத்துக்கும் பெண்கள் யார் வேண்டுமானாலும் உடுத்தக்கூடியது ஹோமோங்கி. தையல்களைத் தாண்டி ஒரே ஓவியமாகச் சித்திரம் ஓடும். தேநீர்ச் சடங்கு கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒரே நிறத்தில் வரும் இரோமுஜி மிகவும் பயன்படும்.

இன்னொன்று, விலையை வைத்து மரியாதையை எடைபோடக் கூடாது. ட்சுமுகி என்ற நெசவுப் பட்டு பல லட்சம் யென் விலை போகும். ஆனாலும் மரபுப்படி அது அன்றாட உடைதான். நூலுக்குச் சாயமேற்றி நெய்ததைவிட, வெள்ளையாக நெய்தபின் சாயமிட்டுச் சித்திரம் எழுதிய பட்டே விசேஷங்களுக்கு உரியது.

பருவத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டுமா?

மரபில் அக்டோபர் முதல் மே வரை உள்துணி வைத்துத் தைத்தது, ஜூனிலும் செப்டம்பரிலும் உள்துணி இல்லாதது, ஜூலை ஆகஸ்டில் ரோ, ஷா போன்ற வலைபோல் மெல்லிய துணி. இப்போது மே மாதமே வெயில் கொளுத்துவதால் பலரும் முன்னதாகவே மாறிவிடுகிறார்கள். தேநீர்ச் சடங்கு, கல்யாணம் போன்ற இடங்களில் மட்டும் பழைய கணக்கைப் பின்பற்றுங்கள். மற்றபடி உடம்பு சொல்வதைக் கேளுங்கள்.

புதிதா, பழையதா?

பழையது. சந்தேகமே வேண்டாம்.

புதுப் பட்டுத் துணி எடுத்து, அளவு கொடுத்துத் தைத்து வாங்கினால் லட்சக்கணக்கான யென் ஆகும். அதே தரமான துணி, ஓரிரு முறை உடுத்தியதோ உடுத்தாமலே பெட்டியில் கிடந்ததோ, சில ஆயிரம் யென்னுக்குப் பழைய துணிக் கடைகளில் கிடைக்கிறது. ஒரு காலத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் பெட்டி நிறையக் கிமோனோ வைத்து அனுப்பினார்கள். அந்தப் பெட்டிகளை இப்போது பிள்ளைகள் காலி செய்கிறார்கள். உடுத்துவோர் குறைவு, வருவது அதிகம், அதனால்தான் இந்த விலை. நெய்தவருக்கும் சாயமிட்டவருக்கும் இது வருத்தமான நிலைதான். அந்த உழைப்பு பெட்டியில் பூஞ்சணம் பிடிப்பதைவிட யாராவது உடுத்துவது நல்லது என்பதே என் எண்ணம்.

கியோத்தோ போகிறவர்கள் தேதி பார்த்துப் போனால் நல்லது. தோஜி கோயிலில் மாதந்தோறும் 21-ஆம் தேதியும், கித்தானோ தென்மாங்கு ஆலயத்தில் 25-ஆம் தேதியும் சந்தை கூடும். பழைய கிமோனோவும் ஓபியும் குவித்து வைத்து விற்பார்கள். காலையிலேயே போய்விடுங்கள். வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கலாம், விலையும் கொஞ்சம் பேசலாம். இணையத்தில் வாங்கினால் கறையைப் படத்தில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அளவு எழுதாத கிமோனோவை வாங்காதீர்கள்.

அளவை எப்படிக் கணக்கிடுவது? சின்னது, நடுத்தரம், பெரியது என்று எதுவும் போடவில்லையே?

மூன்று அளவு போதும்.

முதலாவது நீளம், மிதாகே. பெண்களுக்குத் தோளிலிருந்து கீழ் ஓரம் வரை உங்கள் உயரம் எவ்வளவோ அவ்வளவு இருந்தால் மிகச் சரி. உடுத்தும்போது அதிகமாக உள்ள துணியை இடுப்பில் மடித்து, ஓபிக்குக் கீழே ஒரு பட்டைபோல் தெரியவிடுவார்கள். அந்த மடிப்புக்குப் பெயர் ஓஹாஷோரி. உயரத்தைவிட 5 செ.மீ. கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை. 10 செ.மீ. குறைந்தால்கூட இடுப்புக் கயிற்றைச் சற்றுத் தாழ்த்திக் கட்டிச் சமாளிக்கலாம்.

இரண்டாவது யுகி. கழுத்தின் பின்னால் துருத்தும் எலும்பிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு எலும்பு வரை. கையை 45 பாகையில் சாய்வாக நீட்டிக்கொண்டு இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பழைய கிமோனோக்களில் யுகி 60 முதல் 63 செ.மீ. வரையே இருக்கும். இன்றைக்கு 165 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு 66, 67 தேவைப்படும். மூன்று நான்கு செ.மீ. குறைந்து மணிக்கட்டு தெரிந்தால் அன்றாட உடுப்புக்குப் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் தோள் தையலிலும் கைத் தையலிலும் உள்ளே விட்ட துணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, பிரித்து நீட்ட முடியுமா என்று தையல்காரரைக் கேளுங்கள். பிரித்த இடத்தில் பழைய மடிப்புக் கோடும், வெளுக்காத நிறமும் தெரியக்கூடும்.

மூன்றாவது அகலம். போட்டுப் பார்க்க முடிந்தால் வலது முன்பக்கத்தை உள்ளே விட்டு, இடது முன்பக்கத்தை மேலே கொண்டுவாருங்கள். இடது ஓரம் உங்கள் வலது இடுப்பின் பக்கவாட்டுக்கு வந்தால் சரி. முன்னாலேயே நின்றுவிட்டால் நடக்கும்போது விலகும்.

பழைய கடைக்காரர்கள் சிலர் ஷாகு, சுன் என்று அளவு சொல்வார்கள். துணி அளக்கும் ஷாகு ஏறக்குறைய 37.9 செ.மீ.; அதில் பத்தில் ஒரு பங்கு ஒரு சுன். மர வேலைக்கான ஷாகு 30.3 செ.மீ. அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பழைய கிமோனோவில் எங்கெங்கே பார்க்க வேண்டும்?

கழுத்துப்பட்டை, கை வாய், கீழ் ஓரம், மடியில் கை படும் இடம். அழுக்கும் தேய்மானமும் முதலில் அங்கேதான் வரும். பிறகு உள்பக்கம் திருப்பி உள்துணியைப் பாருங்கள். வெள்ளை உள்துணியில் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் ஈரத்தில் கிடந்திருக்கிறது, வெளித் துணிக்கும் அது வரும். வெயிலில் பிடித்து மடிப்போரங்களில் நிறம் மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். முதுகுத் தையலை இரு கையாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள், நூலோ துணியோ விரிசல் விடக் கூடாது. முகர்ந்தும் பாருங்கள். கற்பூர வாடை போய்விடும். பூஞ்சண வாடை லேசில் போகாது.

உள்ளே சிவப்புப் பட்டு உள்துணி இருந்தால் அது பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது. பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் வேர்வை பட்டால் அந்தச் சிவப்பு வெளித் துணிக்கு ஏறிவிடும். குளிர்காலத்தில் மட்டும் உடுத்துங்கள்.

ஓரங்களில் வெள்ளை நூலால் பெரிய ஓட்டுத் தையல் போட்டிருந்தால் குறை என்று நினைக்காதீர்கள். ஷிட்சுகே என்ற தற்காலிகத் தையல் அது. புதிதாகத் தைத்தபோது போட்டது. பிரிக்காமல் இருக்கிறது என்றால் பெரும்பாலும் யாரும் உடுத்தவில்லை என்று பொருள். உடுத்துமுன் பிரித்துவிடுங்கள். கழுத்துப்பட்டை ஓரத்தில் மிகப் பொடியாக, அழகாகப் போட்டிருக்கும் வெள்ளைத் தையல் வேறு வகை. அது அலங்காரம், விட்டுவிடலாம்.

பட்டா பாலியஸ்டரா என்று எப்படித் தெரியும்?

தையலுக்குள்ளிருந்து ஒரு நூல் இழுத்து நெருப்பில் காட்டினால் பட்டு முடி கருகும் வாடையோடு எரிந்து, நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி உருண்டை கட்டும். கடையில் வைத்துச் செய்யாதீர்கள், வாங்கிய பிறகு செய்யுங்கள். பாலியஸ்டரை மட்டமாகப் பேச நான் தயாரில்லை. மழை நாளுக்கும், உடுத்தப் பழகும் காலத்துக்கும், சாஸ் சொட்டக்கூடிய விருந்துக்கும் அது நல்ல துணை. கோடையில் மட்டும் உடம்பு வெந்துவிடும்.

பெயர் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய துணிகள் எவை?

இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மனம் வராது. சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

தெற்கே அமாமித் தீவுகளில் நெய்யும் ஓஷிமா ட்சுமுகி. ஷாரின்பாய் என்ற மரத்தின் கட்டையைக் கொதிக்கவைத்த சாற்றில் நூலைத் திரும்பத் திரும்பத் தோய்த்து, பிறகு இரும்புச் சத்துள்ள சேற்றில் மிதிப்பார்கள். மரத்தின் துவர்ப்பும் சேற்றின் இரும்பும் சேர்ந்து ஆழ்ந்த பழுப்புக் கறுப்பாகும். கையில் எடுத்தால் எடையே தெரியாது, நடந்தால் சரசரக்கும். அமாமியில் நெய்ததற்கு உருண்டைப் பூமி முத்திரையும், காகோஷிமாவில் நெய்ததற்குக் கொடி முத்திரையும் உண்டு. துணிச் சுருளின் முனையில் ஒட்டிய அந்தச் சான்றுத் தாள் மிஞ்சிய துண்டோடு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் விலை கூடும், நம்பிக்கையும் கூடும்.

யூகி ட்சுமுகி டோக்கியோவுக்கு வடக்கே நெய்வது. பட்டுக்கூட்டைப் பஞ்சாக விரித்து, முறுக்காமல் கையால் நூல் இழுத்து, நெசவாளர் தன் இடுப்பிலேயே பாவு நூலைக் கட்டி இழுத்துப் பிடிக்கும் தறியில் நெய்கிறார்கள். 2010-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு ஓராண்டு முன்பு நீகாத்தா பகுதியின் ஓஜியா சிஜிமி, எச்சிகோ ஜோஃபு துணிகள் சேர்ந்தன. இவை நாரில் நெய்த கோடைத் துணிகள். குளிர்காலத்தின் முடிவில் பனி மேல் விரித்து வெளுக்கவைப்பார்கள்.

ஓபிக்குக் கியோத்தோவின் நிஷிஜின், ஃபுகுவோகாவின் ஹகாத்தா. சித்திரச் சாயத்துக்குக் கியோத்தோவும் கனஸாவாவும். முடிச்சுச் சாயத்துக்கு நகோயாவில் உள்ள அரிமாட்சு. விலை குறைவாக, துணிச்சலான நிறத்தில் பழசு வேண்டுமென்றால் மெய்சென் தேடுங்கள். 1920, 30-களில் நகரத்துப் பெண்கள் விரும்பி உடுத்திய பட்டு. மடிப்பில் இற்றுப்போயிருக்கிறதா என்று மட்டும் கவனமாகப் பாருங்கள்.

நம் ஊரோடு தொடர்புள்ள துணி ஒன்றும் உண்டு. சோழமண்டலக் கடற்கரையிலிருந்து போர்த்துகீசிய, டச்சுக் கப்பல்களில் போன கோடு போட்ட பருத்தித் துணியை ஜப்பானியர் சாந்தோமே என்று அழைத்தார்கள். நம் சாந்தோம்தான். எடோ காலத்தில் (1603–1868) அதற்கு அவ்வளவு மவுசு. பிறகு அவர்களே அதைப் போல நெய்யத் தொடங்கினார்கள். தோஸான் என்ற பெயரில் அந்தக் கோட்டுத் துணி இன்றும் உண்டு. டோக்கியோவுக்குப் பக்கத்துக் கவாகோயே ஊர் இதற்குப் பெயர் பெற்றது.

கிமோனோ மட்டும் வாங்கினால் போதுமா?

போதாது. செலவுக் கணக்கில் இதை மறந்துவிடாதீர்கள். உள்ளே ஒரு மெல்லிய சட்டை, அதன் மேல் நாகஜுபான் என்ற முழு நீள உள்ளுடை, அதன் கழுத்தில் தைக்கும் வெள்ளைப் பட்டை, கட்டுவதற்கு நாலைந்து கயிறுகள், இரண்டு தாதெஜிமே பட்டைகள், ஓபி, அதற்குள் வைக்கும் அட்டை, முதுகில் வைக்கும் சின்னத் தலையணை, அதைப் போர்த்தும் பட்டுத் துணி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பின்னல் கயிறு, பெருவிரல் பிரிந்த தாபி காலுறை, ஸோரி செருப்பு. கயிறும் அட்டையும் தலையணையும் தொகுப்பாகவே விற்பார்கள்.

நாகஜுபானின் அளவுதான் முக்கியம். அதன் யுகியும், கை கீழே தொங்கும் நீளமும் கிமோனோவைவிட ஒரு செ.மீ. போலக் குறைந்திருக்க வேண்டும். கூடினால் கை வாயில் எட்டிப் பார்க்கும். பழைய காலக் கிமோனோவுக்குக் கை தொங்கும் நீளம் அதிகம் என்பதால் இன்றைய ஜுபான் பொருந்தாமல் போகலாம்.

ஓபிக்குக் கிமோனோவைவிட அதிகம் செலவழிக்கத் தயங்காதீர்கள். சாதாரணக் கிமோனோவும் நல்ல ஓபியால் எடுப்பாகிவிடும்.

எந்தப் பக்கம் மேலே வர வேண்டும்?

ஆணானாலும் பெண்ணானாலும் உடுத்துகிறவரின் இடது பக்கம் மேலே. வலது பக்கம் மேலே வருவது இறந்தவருக்கு உடுத்தும் முறை. கண்ணாடியில் எடுத்த படத்தில் மாறித் தெரியும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஜப்பானியர் அல்லாத நாம் உடுத்தினால் தப்பாக நினைப்பார்களா?

ஒழுங்காக உடுத்தினால் பெரும்பாலும் மகிழ்ச்சிதான் அடைவார்கள். தெருவில் ஒரு பாட்டி வந்து உங்கள் ஓபியைச் சரிசெய்துவிட்டுப் போனால் ஆச்சரியப்படாதீர்கள். அவர்களுக்கு மனம் வருந்திய இடம் வேறு. 2019-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் தன் உள்ளாடை வணிகத்துக்குக் கிமோனோ என்று பெயர் வைத்தபோது, கியோத்தோ மேயர் அந்தப் பெயரை மாற்றும்படி கடிதம் எழுதினார். பெயரும் மாறியது.

ஆண்களுக்கு?

எளிது. ஓஹாஷோரி மடிப்பு கிடையாது, அதனால் நீளம் கணுக்கால் வரை சரியாக இருந்தாக வேண்டும், சமாளிக்க இடமில்லை. ஓபி 10 செ.மீ. அகலத்துக்குள்தான். இடுப்பெலும்பை ஒட்டித் தாழ்வாகக் கட்ட வேண்டும். பழைய கடைகளில் உயரமான ஆண்களுக்குக் கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் விடாதீர்கள்.

உடுத்திவிட்டு வீட்டுக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

கழற்றியவுடன் மடித்து வைக்காதீர்கள். பராமரிப்பில் பாதி இதுதான். கிமோனோவுக்கென்று விற்கும், கை நீளத்துக்கும் விரியும் ஹேங்கரில், வெயில் படாத அறையில், ஓர் இரவு தொங்கவிடுங்கள். உடம்புச் சூடும் ஈரமும் போய்விடும். ஓபி, ஜுபான், கயிறுகளையும் அப்படியே காற்றாட விடுங்கள். நாள் கணக்கில் தொங்கவிட்டால் எடை தாங்காமல் உள்துணி தொய்ந்து கீழே எட்டிப் பார்க்கும். மறுநாள் எடுத்துவிடுங்கள்.

எடுக்கும்போது நல்ல வெளிச்சத்தில் கழுத்து, கை வாய், கீழ் ஓரம், மடி எல்லாம் பாருங்கள். தூசியை மென்மையான துணியால் இழையோட்டத்திலேயே தட்டிவிடுங்கள். கை கழுவி, மோதிரம் கழற்றிவிட்டுத் தொடுங்கள்.

வீட்டில் துவைக்கலாமா?

பருத்தி யுகாத்தாவையும் பாலியஸ்டரையும் துவைக்கலாம். மடித்து, வலைப் பைக்குள் போட்டு, இயந்திரத்தில் மென்மையான சுற்றில் விடுங்கள். பிழியாமல், தட்டி நீவி, நிழலில் காயப்போடுங்கள். அவுரிச் சாயம் போட்டதை முதல் சில தடவை தனியாகத் துவைக்க வேண்டும், நீலம் இறங்கும்.

தைத்த பட்டுக் கிமோனோவை வீட்டில் தண்ணீரில் போடவே கூடாது. சிரிமென் என்ற சுருக்கப் பட்டு நனைந்தால் கைக்குட்டைபோல் சுருங்கிவிடும். வெளித் துணியும் உள்துணியும் வெவ்வேறு அளவு சுருங்கி, பிறகு ஒன்றோடொன்று பொருந்தாது.

கிமோனோ துவைக்கும் கடைகள் தனியாக உண்டு. மாரு-அராய் என்று கேட்டால் தைத்தபடியே ட்ரை கிளீனிங் செய்து தருவார்கள். எண்ணெய் அழுக்கு போகும், வேர்வை முழுதாகப் போகாது. வேர்வைக்கு அதைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை உடுத்தியதும் கொடுக்க வேண்டியதில்லை. பருவம் முடிந்து உள்ளே வைக்கும்போது, அழுக்கு இருந்தால் மட்டும் கொடுத்தால் போதும். முன்பு சொன்ன அராய்-ஹாரி, வேறு ஒருவர் அளவுக்கு மாற்றும்போதோ பல ஆண்டு உடுத்திய பிறகோ செய்வது. திரும்பத் தைக்கும் கூலியும் சேரும் என்பதால் செலவு அதிகம்.

சாப்பிடும்போது கறை பட்டுவிட்டது. உடனே என்ன செய்ய?

தேய்க்காதீர்கள். ஈரத் துணியால் துடைக்கவும் வேண்டாம். உலர்ந்த கைக்குட்டையால் மேலே ஒற்றி எடுங்கள், அவ்வளவுதான். பட்டை ஈரமாகத் தேய்த்தால் இழை சிலிர்த்து அந்த இடம் வெள்ளையாகப் பூத்துவிடும். கறையை எடுத்துவிடலாம், சிலிர்த்த இழையைச் சரிசெய்ய முடியாது. வீட்டுக்கு வந்ததும் கறைக்குப் பக்கத்தில் ஒரு நூலால் அடையாளம் வைத்து, என்ன கறை, எப்போது பட்டது என்று எழுதிக் கடையில் கொடுங்கள். தாமதித்தால் மஞ்சளாகிவிடும். பிறகு எடுப்பது கடினம்.

இஸ்திரி போடலாமா?

சுருக்கம் இருந்தால், மேலே வெள்ளைப் பருத்தித் துணி விரித்து, மிதமான சூட்டில், நீராவி இல்லாமல். பொன் தாள், பூத்தையல், முடிச்சுச் சாயம் உள்ள இடங்களில் வேண்டவே வேண்டாம். ஒழுங்காக மடித்து வைத்தால் இஸ்திரிக்கு வேலையே இருக்காது.

எப்படி மடிப்பது?

தரையில் சுத்தமான விரிப்பின் மேல், கழுத்து உங்கள் இடப்பக்கமும் கீழ் ஓரம் வலப்பக்கமும் வரும்படி விரியுங்கள். உங்களுக்கு அருகில் உள்ள முன்பக்கத்தைப் பக்கத் தையலில் மடித்து மேலே படியவிடுங்கள். அதன் ஓரத்துத் துண்டை அதன் தையலிலேயே உங்களை நோக்கித் திருப்பி மடியுங்கள். இப்போது எதிர்ப்பக்கத்தின் ஓரத்துத் துண்டை எடுத்து இதன் மேல் ஓரத்தோடு ஓரம் பொருந்த வையுங்கள். கழுத்துப் பகுதியை உள்ளே மடித்து, கழுத்துப்பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாகச் சேருங்கள். அப்புறம் எதிர்ப்பக்கத்துப் பக்கத் தையலைத் தூக்கி அருகில் உள்ள பக்கத் தையலின் மேல் கொண்டுவாருங்கள். முதுகு, நடுத் தையலில் தானாக மடியும். மேலே உள்ள கையை உடலின் மேல் திருப்பிப் போடுங்கள். கீழ் ஓரத்தைக் கழுத்தை நோக்கிக் கொண்டுவந்து நீளத்தைப் பாதியாக்குங்கள். கடைசியாக மற்ற கையை அடியில் மடியுங்கள்.

எல்லா மடிப்பும் தையலிலேயே விழுவதால் புதுச் சுருக்கம் வராது. இரண்டு முறை செய்தால் கை பழகிவிடும்.

எங்கே, எப்படி வைப்பது?

தாதோகாமி என்ற கெட்டியான மரபுத் தாளில் சுற்றி, தட்டையாக, மேலே அதிகம் அடுக்காமல் வையுங்கள். ஈரத்தை முதலில் அந்தத் தாள்தான் உறிஞ்சும். பழுப்புப் புள்ளி தெரிந்தால் தாளை மாற்றிவிடுங்கள். வாங்கியபோது வந்த பிளாஸ்டிக் உறையைத் தூக்கிப் போடுங்கள். ஜப்பானில் கிரி மரப் பெட்டியில் வைப்பார்கள். எடை குறைந்த, ஈரம் அவ்வளவாக உள்ளே விடாத மரம் அது. அது இல்லாவிட்டால் சுவரை ஒட்டாத அலமாரியின் மேல் தட்டு நல்லது. ஈரம் கீழேதான் தங்கும்.

பூச்சி மருந்தில் ஒரே வகையை மட்டும் வையுங்கள். கற்பூரம், அந்துருண்டை, பாராடைகுளோரோபென்சீன் இவற்றைக் கலந்து வைத்தால் ஒன்றோடொன்று சேர்ந்து உருகிக் கறையாகும். எதுவும் துணியைத் தொடக் கூடாது. பொன், வெள்ளி இழை உள்ள ஓபியோடு மருந்தே வேண்டாம். ரப்பர் வளையமும் கூடாது, அதிலுள்ள கந்தகம் வெள்ளி இழையைக் கறுக்கவைக்கும்.

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். ஜப்பானில் மழைக்காலம் முடிந்த கோடையில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை, ஜனவரி பிப்ரவரியின் உலர்ந்த குளிரில் ஒரு முறை என்று வழக்கம். மழை விட்டு இரண்டு நாள் நல்ல வெயில் அடித்த பிறகு, மதிய நேரத்தில், நிழலில் சில மணி நேரம் போதும். பட்டுச் சேலையை மடிப்பு மாற்றி வைக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கடற்கரை ஊரில் இருப்பவர்கள் தேதியைப் பார்க்காமல் காற்று உலர்ந்திருக்கும் நாளைப் பாருங்கள். மூன்று முறை முடியாவிட்டால் பிப்ரவரியில் மட்டுமாவது செய்யுங்கள். அதுவும் முடியாவிட்டால் இழுப்பறையைத் திறந்து வைத்து மின்விசிறியைப் போடுங்கள்.

கற்பூர வாடை போக மாட்டேன் என்கிறதே?

வாரக்கணக்கில் நிழலில் தொங்கவிட்டு எடுத்து, மறுபடி தொங்கவிட்டு எடுக்க வேண்டும். வாசனைத் திரவியம் தெளிக்காதீர்கள், கறை நிற்கும்.

கிழிந்துவிட்டது. வெட்டிப் பை தைக்கலாமா?

தைக்கலாம், ஆனால் வெட்டுவதற்கு முன் தையல்காரரிடம் காட்டுங்கள். தையல் விட்டிருந்தால் திரும்பத் தைப்பது சின்ன வேலை. துணியே ஓரிடத்தில் கிழிந்திருந்தால் அந்த இடம் இடுப்பு மடிப்புக்குள்ளோ ஓபிக்கு அடியிலோ போகும்படி மாற்றித் தைக்க முடியலாம். இல்லாவிட்டால் குட்டைக் கோட்டான ஹாவோரி ஆக்கலாம், ஓபி ஆக்கலாம். இதெல்லாம் முடியாது என்றால் பை.

இனி உடுத்த மாட்டேன். விற்றால் என்ன கிடைக்கும்?

மிகக் குறைவு. வாங்கும்போதே இதைத் தெரிந்துகொள்ளுங்கள், முதலீடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சான்றுத் தாள் உள்ள ஓஷிமா, யூகி போன்றவற்றுக்கும், அளவில் பெரிய கிமோனோக்களுக்கும் மட்டும் ஓரளவு விலை கிடைக்கும். யுகி அளவு ஒத்துப்போகிற ஒருவருக்குக் கொடுத்துவிடுவது நல்லது. கொடுக்கும்போது மிஞ்சிய துணித் துண்டு, சான்றுத் தாள், பொருந்தும் ஜுபான் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். எப்போது துவைத்தது, எங்கே கறை இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதித் தாதோகாமிக்குள் வைத்துவிடுங்கள்.